தை அறுவடை வரை டிரெய்லரை எங்கே நிறுத்துவது?

கேள்வி: சம்பா நடவு முடிந்துவிட்டது. எங்கள் இரண்டு சக்கர டிராக்டர் டிரெய்லருக்கு இனி தை அறுவடை வரை வேலை இல்லை. கொட்டகையில் டிராக்டருக்கு மட்டுமே இடம் இருக்கிறது. டிரெய்லரைத் தென்னை மரத்தடியில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டால் போதுமா?
- வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: போதாது. முதலில் அந்தத் தென்னை மரத்தடி வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது உங்கள் பக்கத்தில் தென்னைகள் எப்படிச் சாய்ந்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெட்டவெளியானாலும் சரி, தண்ணீர் தேங்காத மேட்டில் நிறுத்துங்கள். சாலையோரம் கூடவே கூடாது. விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லர், இரவில் பைக்கில் வருகிறவருக்குக் கிட்டே வரும்வரை தெரியாது. உயிர் போகிற விஷயம் இது.

தார்ப்பாயைவிட முக்கியம் கழுவுவது. என் பட்டறைக்கு வருகிற டிரெய்லர்களில் ஓட்டை விழுந்திருப்பது பெரும்பாலும் பக்கத்தகடும் தரைத்தகடும் சேருகிற மூலையிலும், பின்கதவின் கீல் அருகிலும்தான். யூரியா, டிஏபி, எரு எல்லாம் சேற்றோடு ஒட்டிக்கிடக்கும் இடம் அது. உரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே தார்ப்பாய் மூடியிருந்தாலும் கீழே துரு தின்றுகொண்டிருக்கும். ஆகவே மூலைகளைச் சுரண்டி, அலசி, நல்ல வெயிலில் காயவிடுங்கள். பெயிண்ட் உரிந்த இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசுங்கள். சிலர் கழிவு ஆயிலைப் பூசுவார்கள். அது டயரில் பட்டால் ரப்பர் கெட்டுவிடும்.

டயருக்கு அடியில் பலகை போட்டு, காற்றை முழுதாக அடைத்து வையுங்கள். மாதம் ஒருமுறை வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரே இடம் அழுந்தாது. வெயில் படும் பக்கத்தில் டயரைச் சாக்கால் மூடுங்கள். சக்கர பேரிங்குகளுக்கு இப்போதே கிரீஸ் அடித்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லாவிட்டாலும் தெருப்பிள்ளைகள் ஏறாமல் இருக்க மாட்டார்கள். இரண்டு சக்கர டிரெய்லரில் நாலைந்து பேர் பின்பக்கம் ஏறினால், டிராக்டரோடு மாட்டுகிற முன்தண்டு சட்டென்று மேலே தூக்கிக்கொள்ளும். பின்பக்கம் தரையில் இடிக்கும். அங்கே கால் இருந்தால் என்னவாகும்? முன்தண்டை ஸ்டாண்டில் நிறுத்துவதோடு, பின்பக்கச் சட்டத்துக்கு அடியிலும் கனமான மரக்கட்டை கொடுங்கள். இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். செங்கல் வேண்டாம், நொறுங்கிவிடும். உங்களுடையது டிப்பர் என்றால் பெட்டியை முழுவதும் இறக்கிய பிறகே விட்டுவிட்டுப் போக வேண்டும். முன்தண்டு பின்பக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருந்தால் மழைத்தண்ணீர் பின்கதவு வழியே வடிந்துவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகு தார்ப்பாய். நடுவில் நீளவாக்கில் ஒரு மூங்கிலைக் கொடுத்துக் கூரைபோல் கட்டுங்கள். பக்கங்களை இறுக மூடாமல் காற்றோட்டம் விடுங்கள். திருட்டுப் பயம் இருந்தால் சக்கரத்தையும் கல்தூணையும் சேர்த்துச் சங்கிலிப் பூட்டுப் போடுங்கள். தையில் முதல் பாரம் ஏற்றுவதற்கு முன் சக்கர நட்டுகளை முறுக்கி, டயரில் காற்றைப் பார்த்து, பின்பக்கச் சிவப்புப் பிரதிபலிப்பான்களைத் துடைத்துவிடுங்கள்.