பம்பின் அடித்துளையில் கூலண்ட் சொட்டினால்

வணக்கம். இன்ஜினின் முன்பக்கத்தில் கரகரவென்று ஒலி எழுவதாகவும், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சொட்டுவதாகவும் எழுதி, கேஸ்கெட்டை (பம்புக்கும் இன்ஜினுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் மெல்லிய அடைப்பை) மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பம்பின் சுழல்தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்ததும் கசிவு பேரிங்குக்குள் புகாமல் வெளியேறுவதற்கென்றே வைக்கப்பட்ட துளை அது. பம்பையே மாற்ற வேண்டும்.

உங்கள் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட் (வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவில் வைக்கும் பல் பெல்ட்) என்றால், அதன் பற்கள் இடம் தவறும்போது பல இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதக்கூடும் என்பதால், வீட்டில் அதைத் தொடாதீர்கள்.

வெளிப்புற பெல்ட் எனில், இன்ஜின் முழுவதும் ஆறிய பின் கூலண்டை வடித்துவிட்டு, பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே பம்ப் புல்லியின் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றிய பிறகு முயன்றால் போல்ட்டோடு புல்லியும் சேர்ந்து சுழலும் (முதன்முறை நான் ஒரு மாலைப்பொழுதை இழந்தது இதில்தான்). பெல்ட் இல்லாத அந்த நேரத்தில் பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆகிய புல்லிகளைக் கையால் சுழற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவதுபோல் விரலுக்குத் தெரிந்தாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ, அவற்றையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

பழைய பம்பைக் கழற்றியதும், ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். அலுமினியப் பரப்பில் ஆழமான கீறல் விழுந்தால் புதிய பம்பும் கசியும். புதிய பம்பின் போல்ட்டுகளை எதிரெதிராக, கையேட்டிலுள்ள டார்க் (முறுக்குவிசை) அளவுக்குப் படிப்படியாக முறுக்குங்கள். புல்லியையும் பெல்ட்டையும் திரும்ப மாட்டி, கூலண்டை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றுக்குமிழ்கள் நிற்கும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். வடித்த பழைய கூலண்ட் இனிக்கும் நஞ்சு. நாய் நக்காதபடி உடனே மூடிவையுங்கள்.