பதில்: ஷோரம் விபத்துக்கு எஞ்சின் கோளாறுதான் காரணமா?

இங்கிலாந்தின் ஷோரம் விமானக் காட்சியில் சாகசம் செய்த விமானம் விழுந்த விபத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில், காணொளியில் விமானம் மூக்கைத் தூக்கப் பார்த்தும் விழுகிறது, அதனால் எஞ்சின் நின்றிருக்கும் என்கிறீர்கள். பிரிட்டன் விபத்து விசாரணைப் பிரிவு 2017-ல் வெளியிட்ட அறிக்கை அப்படிச் சொல்லவில்லை.

2015 ஆகஸ்ட் 22 அன்று ஹாக்கர் ஹன்டர் என்ற அந்தப் பழைய போர் ஜெட், மேலேறித் தலைகீழாகிக் கீழிறங்கும் வளையச் சாகசத்துக்குள் நுழைந்தபோதே வேகம் போதவில்லை. மேலே ஏறும்போது எஞ்சின் முழு உந்துவிசையில் இல்லை. உச்சியில் குறைந்தது 3,500 அடி இருக்க வேண்டும். இருந்ததோ ஏறத்தாழ 2,700 அடி. அந்த உயரத்தில் தலைகீழாக இருக்கும் விமானத்தைக் கீழ்நோக்கி இழுத்தால், நிமிர்வதற்குள் தரை வந்துவிடும். விமானி கடைசியில் எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை.

என் பார்வையில் முக்கியமான இடம் அந்த உச்சிதான். அங்கேயே உருண்டு நிமிர்ந்து விலகியிருக்க முடியும் என்கிறது அறிக்கை. விமானி ஏன் விலகவில்லை? உயரமானியைத் தவறாகப் படித்திருக்கலாம், அல்லது அவர் ஓட்டிப் பழகிய வேறொரு விமானத்துக்கான குறைவான உச்சி உயரம் நினைவில் வந்திருக்கலாம். இது ஊகம்தான், அவர் உயிர் பிழைத்தாலும் நடந்தது நினைவில்லை என்றார். 2019-ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

அப்புறம், இறந்த 11 பேரும் ஏ27 சாலையிலும் அதன் ஓரத்திலும் இருந்தவர்கள். ஒருவர்கூடக் காட்சித் திடலுக்குள் இல்லை. உங்கள் கட்டுரையில் இதற்குத் தனிப் பகுதி ஒதுக்குங்கள்.