சமையல் கேள்வி–பதில்: தெரியாகி மீன் ஏன் கருகுகிறது?

ஜப்பானியத் தெரியாகி முறையில் வஞ்சிரம் செய்து பார்த்தேன். சோயா சாஸ், சர்க்கரைக் கலவையில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கல்லில் போட்டால், இரண்டே நிமிடத்தில் மேலே கருகி, உள்ளே வேகாமல் நிற்கிறது. எங்கே தப்பு?
— வாசகி, திருநெல்வேலி

ஊறவைத்ததுதான் தப்பு. நம் வறுவல் மசாலாவில் சர்க்கரை இல்லை, ஊறலாம். இதில் இருக்கிறது, மீன் வேகுமுன் அது கருகிவிடும். ஜப்பானிய மொழியில் ‘தெரி’ என்றால் பளபளப்பு, ‘யாகி’ என்றால் சுட்டது. அந்தப் பளபளப்பு கடைசி இரண்டு நிமிட வேலை.

விரல் கனத்தில் வெட்டிய 4 துண்டுகளுக்கு அரை டீஸ்பூன் உப்பைத் தூவி 10 நிமிடம் வையுங்கள். கசியும் நீரில் கவிச்சியும் கொஞ்சம் வெளியேறும். டிஷ்யூ பேப்பரால் ஈரம் போக ஒற்றி எடுத்து, மைதாவை மெல்லிசாகத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். பாகு மீனில் பிடித்து நிற்பது இந்த மாவால்தான். அகலமான நான்-ஸ்டிக் வாணலியில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், மிதமான தீ. ஒரு பக்கம் 3 நிமிடம், மறுபக்கம் 2 நிமிடம். மிஞ்சிய எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் நின்றால் சாஸ் வழுக்கி ஓடும்.

இப்போதுதான் சாஸ்: சோயா, மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது), சாகே (ஜப்பானிய அரிசி மது) தலா 3 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், முன்பே கரைத்து வைத்தது. ஊற்றியதும் நுரைபோலச் சின்னக் குமிழ்கள் வரும். கரண்டியால் மீன்மேல் மொண்டு ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழ்கள் பெரிதாகி, சோம்பலாக வெடிக்கத் தொடங்கியதும் கரண்டியால் ஒரு கோடு இழுங்கள். வாணலியின் அடி ஒரு கணம் தெரிந்து மூடினால் அடுப்பை அணைக்கலாம். ஒற்றைக் கம்பிப் பதம் வரை விட்டால், ஆறியதும் கடலைமிட்டாய்ப் பாகு மாதிரி பல்லில் ஒட்டும்.

ஜப்பானில் இதற்குப் பேர்போன மீன் ‘புரி’. குளிர்காலத்தில் கொழுப்பேறியிருக்கும், கொஞ்சம் கூட வெந்தாலும் தாங்கும். வஞ்சிரம் தாங்காது, சக்கையாகிவிடும். பாகு இறுகத் தாமதமானால் மீனை முதலில் தட்டில் எடுத்துவிட்டு, பாகைத் தனியே சுண்டவிட்டு மேலே ஊற்றுங்கள்.

மிரின், சாகே இரண்டும் எங்கள் ஊரில் கிடைக்காது. வீட்டில் மதுவும் சேர்ப்பதில்லை. வேறு வழி?
— வாசகர், காரைக்குடி

3 டேபிள்ஸ்பூன் சோயாவுக்கு 6 டேபிள்ஸ்பூன் தண்ணீர், 2 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் இஞ்சிச் சாறு. இறக்கியபின் நாலு சொட்டு எலுமிச்சை. மிரினின் மணம் வராது, பளபளப்பு வரும். (கொதித்தால் மது முழுக்கப் போய்விடும் என்று நம்பி வாங்க வேண்டாம், சிறிதளவு தங்கும்.) தேன் சேர்ப்பவர்கள் தீயை இன்னும் குறைக்க வேண்டும், அது சர்க்கரைக்கு முன்பே கருகும்.

சாஸ் உப்புக் கரிக்கிறது. தண்ணீர் விட்டும் சரியாகவில்லையே?
— வாசகி, ஈரோடு

தண்ணீர் விட்டு மறுபடி சுண்டவைத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆவியாவது தண்ணீர், உப்பு அப்படியே கிடக்கும். பாதிப் பாகை மட்டும் ஊற்றி, உப்பில்லாத வெறும் சோற்றோடு பரிமாறுங்கள். அடுத்த முறை, தூவிய உப்பின் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்தீர்களா என்று பாருங்கள். சில சோயா சாஸ் உப்பு கூடுதலாகவே இருக்கும். அப்போது 2 டேபிள்ஸ்பூனோடு நிறுத்துங்கள்.

ஃப்ரோசன் மீனை அப்படியே போடலாமா?
— வாசகர், சென்னை

கூடாது. அது விடும் நீரில் மீன் அவியும், பொரியாது. காலையிலேயே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் இரவுச் சமையலுக்குத் தயாராக இருக்கும்.