ஆலோசகர் 'அது கற்பனையாக இருக்கலாம்' என்று சொன்னால்

வணக்கம் சகோதரி. சின்ன வயதில் சித்தப்பா செய்ததை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னபோது, "அது ஆழ்மன ஆசையின் கற்பனையாகக்கூட இருக்கலாம், ஃபிராய்டே சொல்லியிருக்கிறார்" என்றாராம் உங்கள் ஆலோசகர். மறுபடி போவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார். 1896இல் வியன்னாவில் 18 நோயாளிகளை முன்வைத்து, ஹிஸ்டீரியாவின் (உடலில் காரணம் தெரியாமல் வலிப்பு, முடக்கம் என்று வெளிப்படும் மனப் பாதிப்பு) வேர் குழந்தைப்பருவப் பாலியல் அத்துமீறல் என்றுதான் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டு பேசினார். அடுத்த வருடமே நண்பர் ஃபிளீஸுக்கு எழுதிய கடிதத்தில் அதிலிருந்து பின்வாங்கினார். அப்புறம்தான் கற்பனை, ஈடிப்பஸ் (குழந்தைக்கே பெற்றோர்மேல் ஆசை உண்டு என்ற கருத்து) எல்லாம் முன்னுக்கு வந்தன. அப்போதும், நிஜத்தில் அப்படி நடப்பதே இல்லை என்று அவர் சொல்லவில்லை.

உங்களுக்கு உதவக்கூடியவர் ஃபெரென்சி. ஃபிராய்டின் நெருங்கிய சீடர். 1932இல் வீஸ்பாடன் மாநாட்டில் அவர் சொன்னது: குழந்தை தேடுவது பாசம், பெரியவர் திணிப்பது காமம், மிரண்டுபோன குழந்தை அவருடைய குற்ற உணர்வையும் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. "நான்தானே மடியில் போய் உட்கார்ந்தேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான்.

நல்ல சிகிச்சை முதலில் பாதுகாப்பைத் தரும். நினைவுகளை உங்கள் வேகத்தில்தான் தொடும். இல்லாத நினைவைத் தோண்டவும் கூடாது, சொன்னதை மறுக்கவும் கூடாது. கேட்பதைத் தங்களால் தாங்க முடியாமல் 'கற்பனை' என்று ஒதுங்கும் ஆலோசகர்களும் உண்டு.

ஒரு தடவை நேராகச் சொல்லிப் பாருங்கள்: "நீங்கள் சொன்னது என்னைக் காயப்படுத்தியது." காதுகொடுத்தால் சரி, தொடரலாம். அதையும் உங்கள் 'எதிர்ப்பு' (சிகிச்சைக்கு உங்கள் மனமே போடும் தடை) என்று விளக்கினால் ஆளை மாற்றுங்கள். சித்தப்பா பக்கத்தில் இப்போது குழந்தைகள் யாராவது இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.