சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகும் கொழுப்பு மாத்திரை எதற்கு?

கேள்வி: வயது 54. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஹெச்பிஏ1சி (சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.6-இலிருந்து 6.9-க்கு இறங்கிவிட்டது. மொத்தக் கொழுப்பு 186, ஹெச்டிஎல் (நல்ல கொழுப்பு) 36, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 230, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 104. லேப் தாளில் எல்டிஎல் ‘நார்மல்’. ஆனாலும் டாக்டர் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை 20 மி.கி. எழுதியிருக்கிறார். அவசியமா?

பதில்: அவசியம்தான். ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு, மூன்று மாதக் கணக்கை மட்டுமே காட்டும். 8.6 இருந்த காலத்தில் உங்கள் ரத்தத்தில் சராசரியாக 200 மி.கி. சர்க்கரை ஓடியது, ரத்தக்குழாய் அதை மறக்காது. பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வில், தொடக்கத்திலேயே சர்க்கரையைக் கட்டுப்படுத்தியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த ஹெச்பிஏ1சி வித்தியாசம் ஆய்வு முடிந்த ஓராண்டில் மறைந்துவிட்டது. ஆனால் பத்தாண்டு கழித்தும் முதல் குழுவில் மாரடைப்பு குறைவு: சல்ஃபோனைல்யூரியா வகை சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்தவர்களுக்கு 15 சதவீதம், மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்த உடல்பருமனானவர்களுக்கு 33 சதவீதம். போன ஆண்டுகளைத் திருத்த முடியாது. அதற்காக ஹெச்பிஏ1சியை 6-க்குக் கீழே அடித்து இறக்கவும் வேண்டாம். அப்படி முயன்ற அக்கார்டு ஆய்வில் இறப்பு கூடியதால் 2008-இல் அந்தச் சிகிச்சையையே நிறுத்தினார்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது கொழுப்பு.

104 ‘நார்மல்’ என்பது சர்க்கரை இல்லாதவருக்கான அளவுகோல். உங்களுக்கு இலக்கு 70-க்குக் கீழ். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு 55-க்குக் கீழ். மேலும் டிரைகிளிசரைடு ஏறி, ஹெச்டிஎல் இறங்கியிருக்கும்போது எல்டிஎல் துகள்கள் சிறுத்து, எண்ணிக்கையில் பெருகிவிடும். அதே 104-க்குள் கூடுதல் துகள்கள் ஒளிந்திருக்கும். எனவே மொத்தக் கொழுப்பில் ஹெச்டிஎல்லைக் கழித்துப் பாருங்கள்: 186 – 36 = 150. இது 100-க்குள் இருக்க வேண்டும்.

20 மி.கி. மாத்திரை எல்டிஎல்லைச் சுமார் 40 சதவீதம் குறைக்கும். 60-ஐ ஒட்டி வர வேண்டும். காலையோ இரவோ, தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபரிசோதனை. குறையவில்லை என்றால் டோஸை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாக 6 சதவீதம்தான் இறங்கும். எசெட்டிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையைச் சேர்ப்பதே பெரும்பாலும் லாபம். ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று பலர் இங்கேதான் மாத்திரையை நிறுத்துகிறார்கள். சில வாரத்தில் பழைய எண் திரும்பிவிடும்.

இந்த மாத்திரையால் சர்க்கரை சற்றே ஏறலாம். இதயத்துக்குக் கிடைக்கும் பலன் அதைவிடப் பெரிது. இரு தொடைகளிலும் வலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர் கறுத்துப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே போங்கள்.