ஏணியைப் படம் பிடிப்பது: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தாக்கரேயின் ‘வனிட்டி ஃபெயார்’ பற்றி எழுதியிருந்தோம். 1847 ஜனவரி முதல் 1848 ஜூலை வரை மாதத் தொடராக வந்த ஆங்கில நாவல் அது. ஓவிய ஆசிரியருக்கும் நடனக்காரிக்கும் பிறந்த பெக்கி ஷார்ப் என்ற அநாதைப் பெண், புத்தியையும் சிரிப்பையும் மட்டும் முதலாகப் போட்டு, இலண்டன் பெரிய வீடுகளுக்குள் ஏறி, ஏறிய இடத்திலிருந்து விழுகிறாள். இதை இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப்புறக் கதையாக்கிப் படமெடுக்க முடியுமா என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஹட்டன் வாசகர்: நாவலைத் தழுவுவதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

யாரிடமும் வேண்டாம். எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 70 ஆண்டு கழிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும். தாக்கரே இறந்தது 1863இல். ஆனால் இரண்டு இடத்தில் கால் இடறும். தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றை வைத்து வசனம் எழுதினால், மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு. அடுத்தது, ஏற்கெனவே வந்த படங்கள். 2004இல் மீரா நாயர் எடுத்த படம், பெக்கி தன் பள்ளித் தோழி அமீலியாவின் அண்ணன் ஜோஸ் செட்லியுடன் இந்தியாவுக்கு வந்து சேர்வதோடு முடியும். நாவலில் அப்படி ஒரு முடிவு கிடையாது. படத்தில் மட்டும் இருப்பதை எடுத்தால் அது இன்னொருவர் சொத்து. மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

தலவாக்கலை வாசகர்: 67 அத்தியாயம், நூற்றுக்கணக்கான ஆட்கள். எங்கே கத்தி வைப்பது?

அத்தியாயத்துக்கு ஓர் அட்டை எடுங்கள். கதைச் சுருக்கம் எழுதாதீர்கள். யார் ஏறினார், யாருடைய தோளில் கால் வைத்து ஏறினார், செலவு யார் தலையில் விழுந்தது என்ற மூன்றை மட்டும் குறியுங்கள். மூன்றில் ஒன்றுக்கும் பதில் இல்லாத அட்டை வெளியே போகட்டும். ஜேர்மன் சிற்றூர்ப் பயணங்களும் குடும்ப வரலாறுகளும் இதிலேயே உதிர்ந்துவிடும். மிஞ்சுவதை உடைத்தால் 110 நிமிடப் படத்துக்கு 55 முதல் 65 காட்சி தேறும்.

பலர் முதலில் வெட்டுவது அமீலியாவை. அழுதுகொண்டே இருக்கிறாள், இழுவை என்பார்கள். அவளை எடுத்தால் பெக்கி வெறும் கெட்டிக்காரியாகிவிடுவாள். நல்லவள் என்று பெயர் வாங்குவதற்கும் ஒரு வசதி வேண்டும் என்பது அமீலியா பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். அவளை மனதுக்குள் காதலிக்கும் டொபினையும் விட்டுவையுங்கள். மற்றவர்களில் இரண்டு மூன்று பேரை ஒருவராக்கலாம்.

வெட்டவே கூடாத காட்சிகள் சில. பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்போது பரிசாகக் கொடுத்த அகராதியைப் பெக்கி வண்டியிலிருந்து திருப்பி வீசுவது. கிழப் பிரபு சேர் பிட் கல்யாணம் கேட்கும்போது, ஏற்கெனவே இரகசியமாக அவன் மகனைக் கட்டிவிட்டதால், நல்ல இடம் தப்பியதே என்று அவள் நிஜமாகவே அழுவது. கணவன் ராடன் கடன்காரர் சிறையிலிருந்து திரும்பி வந்து, வீட்டில் பெக்கியோடு தனியே இருக்கும் பணக்கார ஸ்டெய்ன் பிரபுவைக் காண்பது.

ஒரு தொழில் எச்சரிக்கை: ஆங்கிலத் திரைக்கதையில் ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கைத் தமிழுக்கு நம்பாதீர்கள். எங்கள் சொற்கள் நீளம். பக்கம் நிரம்பிவிடும், நேரம் நிரம்பாது. இரண்டு பேர் வாய்விட்டு வாசிக்க, மூன்றாமவர் மணிக்கூடு பிடிக்கட்டும்.

பொகவந்தலாவை வாசகி: லயத்துப் பிள்ளை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளை) ஒருத்தி முன்னுக்கு வர ஆசைப்படுவதை வைத்துச் சிரிக்கச் சொல்கிறீர்களா?

கேட்கவேண்டிய கேள்வி. சிரிப்பு ஏறுகிறவள் மேல் விழுந்தால் படம் கெட்டது. அது ஏணியின் மேல் விழவேண்டும். பெக்கியைக் கேலி செய்யும் பக்கங்களைவிட, பணம் வந்ததும் அவளுக்குக் கதவு திறக்கிறவர்களையும் போனதும் அடைக்கிறவர்களையும் கேலி செய்யும் பக்கங்களே நாவலில் அதிகம்.

எங்களிடம் இந்த ஏணி கண்ணுக்கே தெரியும். கீழே லயம், கொஞ்சம் மேலே கணக்கப்பிள்ளை வீடு, அதற்கு மேல் மலை வேலையைப் பார்க்கும் கண்டக்டர் ஐயா, தொழிற்சாலையைப் பார்க்கும் டீமேக்கர் ஐயா குவார்ட்டர்ஸ், உச்சியில் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா. இலண்டனை வைத்து எடுப்பவர்கள் கஷ்டப்பட்டு உடையிலும் வண்டியிலும் காட்டவேண்டியதை, இங்கே கெமராவை மலைக்கு எதிரே வைத்தாலே காட்டிவிடலாம். பங்களாவுக்குள்ளும் படிகள் உண்டு: குசினிக் கதவு, பின் விறாந்தை, முன் விறாந்தை, சாப்பாட்டு மேசை. கதாநாயகி ஒவ்வொரு வாசலையும் ஒரே ஒரு தடவைதான் புதிதாகக் கடக்கவேண்டும். அந்த நான்கு காட்சித் துண்டுகளையும் (சொட்) ஒரே உயரத்தில், ஒரே லென்ஸில் எடுங்கள். விழும்போது அதே வாசல்கள் தலைகீழ் வரிசையில் வரும்.

அவளை லயத்திலிருந்து நேரே தூக்காமல், கடனோடு செத்துப்போன கணக்கப்பிள்ளையின் மகளாக்கினால் நாவலுக்குக் கிட்ட வரும். பெக்கி எந்தப் பக்கமும் சேராதவள். பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள். எஜமானியும் இல்லை, வேலைக்காரியும் இல்லை. இவள் பங்களாப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகலாம்.

காலம் 1974, 75 என்று வையுங்கள். ஒரு பக்கம் தோட்டங்களில் பட்டினி. இன்னொரு பக்கம், 1972இல் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டம் 1975இல் கம்பனித் தோட்டங்களுக்கும் நீண்டு, வெள்ளைக்காரத் துரைமார் பெட்டி கட்டுகிறார்கள். துரை மாறுகிறார், நாற்காலி மாறவில்லை. நாவலில் வோட்டர்லூ யுத்தம் எப்படியோ அப்படி இது கதைக்குப் பின்னால் உறுமட்டும். தாக்கரே யுத்தகளத்துக்குள் போகவே மாட்டார். அமீலியா புருஷனுக்காகப் பிரார்த்தித்துக்கொண்டிருக்க, அவன் குண்டு பட்டுக் குப்புறக் கிடப்பதை ஒரே வசனத்தில் சொல்லி அத்தியாயத்தை முடித்துவிடுவார்.

மஸ்கெலியா வாசகர்: பெக்கி மிளகாய் கடிக்கும் காட்சி எங்கள் ஆட்களுக்கு எப்படி எடுபடும்? நாங்கள் பிறந்ததிலிருந்தே கடிக்கிறோமே!

எடுபடாது. அப்படியே எடுத்தால் அரங்கில் ஒருவரும் சிரிக்கமாட்டார். நாவலில் என்ன நடக்கிறது? இந்தியாவில் கலெக்டராக இருந்து வந்த ஜோஸைக் கவர, பெக்கி கறி சாப்பிடுகிறாள், வாய் எரிகிறது. அவன் ‘சில்லி’ வேண்டுமா என்கிறான். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் ஓசை குளிரைச் சொல்வதால், ஏதோ குளிர்ச்சியான பண்டம் என்று நம்பி எடுத்துக் கடிக்கிறாள். அவளைக் கவிழ்த்தது பெயர்தான், காரம் அதற்குப் பிறகு.

அதனால் பண்டத்தை விட்டுவிட்டுச் சொல் தரும் ஏமாற்றத்தைத் தேடுங்கள். பங்களா மேசையில் ஒரு சிறு போத்தல், உள்ளே மஞ்சளாக, குழைவாக ஏதோ. “மஸ்டர்ட்?” என்கிறார் சின்னத் துரை. குசினியில் சமையல்கார அப்பு சொல்லிக் கேட்ட புடிங் பெயர்தான் அவள் காதில் விழுகிறது: கஸ்டர்ட். மேசைக் கரண்டியால் நிறைய எடுத்து வாயில் வைக்கிறாள்.

நடிகைக்கு ஒன்று சொல்லிவையுங்கள். மிளகாய் நாக்கில் எரியும், இருந்து எரியும். அரைத்த கடுகு இரண்டு மூன்று விநாடி ஒன்றும் செய்யாது. பிறகு நேரே மூக்குக்கு ஏறிக் கண்ணில் தண்ணீர் கொண்டுவரும். அந்த இரண்டு விநாடியில் அவள் ரசித்துச் சாப்பிடுவதுபோலப் புன்னகைத்திருக்க வேண்டும். கண்ணுக்குக் குளோசப் போகாதீர்கள், பரிதாபமாகிவிடும். மேசை முழுக்கத் தெரிகிற மாதிரி ஒரே சொட், ஏழெட்டு விநாடி, பின்னணி இசை வேண்டாம். பின்னால் நிற்கும் அப்பு மட்டும் அவளைப் பார்க்காமல் கூரையைப் பார்க்கட்டும். எட்டுத் தடவை எடுக்கவேண்டிவரும் என்பதால், போத்தலில் மஞ்சள் கூட்டிய கெட்டிக் கஸ்டர்ட்டையே நிரப்பிவிடுங்கள்.

முக்கியமானது அதற்கு அடுத்த வசனம். நாவலில் பெக்கி அழாமல், அரபுக் கதை ஒன்றை இழுத்து நகைச்சுவையாகப் பேசித் தப்பிவிடுவாள். உங்கள் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்தப் புடிங்கைச் சாப்பிட்டு வளர்ந்தவங்க நாடு பிடிச்சதில ஆச்சரியமில்லைங்க” என்று சொல்லட்டும். அவமானத்தை அந்த நொடியிலேயே முதலீடாக்குகிறவள் என்று சபைக்குத் தெரிந்துவிடும். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அந்தப் போத்தல் மேசையில் இருப்பதே ஓர் அந்தஸ்து என்பதையும் மறக்காதீர்கள். முந்திய காட்சியில் லயத்தில் மாவுக்கு வரிசை நிற்பதைக் காட்டிவிட்டால் விளக்கமே தேவையில்லை.

பண்டாரவளை வாசகர்: நாவலின் சுவையெல்லாம் ஆசிரியர் குறுக்கே வந்து பேசுவதில் இருக்கிறது. படத்தில் அந்தக் குரலை என்ன செய்வது?

பெரும்பாலான தழுவல்கள் சாகும் இடம் இதுதான். குரலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஓர் அழகியின் வெற்றிக் கதை. அப்படியே பின்னணியில் ஓடவிட்டால் படமே ஒலிச்சித்திரம் ஆகிவிடும்.

வழி தாக்கரேயிடமே இருக்கிறது. நாவலுக்குப் படங்களையும் அவரே வரைந்தார். கடைசியில் ஜோஸ் இறக்கிறான். ஆயுள் காப்புறுதிப் பணத்தில் பங்கு பெக்கிக்கு. அவள் கொன்றாள் என்று எழுத்தில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் அவர் வரைந்த படத்தில் அவள் திரைக்குப் பின்னால் நிற்கிறாள். கீழே, கணவனைக் கொன்ற கிரேக்க அரசி கிளைட்டெம்னெஸ்ட்ராவின் பெயர். எழுத்து மரியாதையாக வாய்மூடியிருக்க, ஓவியம் காட்டிக்கொடுக்கிறது. உங்கள் பின்னணிக் குரலும் படத்தோடு ஒத்துப்போகக் கூடாது. திரையில் தெரிவதைச் சொல்லும் ஒவ்வொரு வரியையும் அடியுங்கள். முழுப் படத்துக்கும் ஏழெட்டு இடம், ஒவ்வொன்றும் 15 விநாடிக்குள்.

தாக்கரேயின் இன்னொரு நாவல் பெரி லிண்டன் என்பவன் தானே தன் பெருமை பேசுவது. 1975இல் இயக்குநர் குப்ரிக் அதைப் படமாக்கியபோது, அந்தத் தன்மைக் குரலைத் தூக்கிவிட்டு வெளியாள் ஒருவரின் அமைதியான குரலை வைத்தார். அது நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும். அடுத்து என்ன என்ற பதைப்புப் போய், அவன் படும் பாட்டைத் தள்ளி நின்று பார்க்கும் கசப்பு வரும்.

தமிழில் இதற்கு ஆங்கிலத்தில் கிடைக்காத ஓர் ஆயுதம் இருக்கிறது: வினைமுற்று. கணக்கப்பிள்ளை மகளாக இருக்கும்போது குரல் “வந்தாள்” என்று சொல்லட்டும். கல்யாணத்துக்குப் பிறகு “வந்தார்”. முன் விறாந்தையில் நாற்காலி போட்டதும் “வந்தார்கள்”. விழுந்த அன்று, எந்த விளக்கமும் இல்லாமல், மறுபடி “வந்தாள்”. அவள் பேச்சும் அப்படித்தான் ஏறும். “நேத்தே சொல்லிட்டேனுங்க” என்பவள், குவார்ட்டர்ஸுக்குப் போனதும் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் வீட்டைப் பார்த்து “நேற்றே சொன்னனான்” என்பாள். பங்களாவில் அரைகுறை ஆங்கிலம். கோபம் வரும் ஒரே ஓர் இடத்தில் பழைய பேச்சு வாய் தவறி வந்துவிட வேண்டும். அதை எங்கே வைப்பது என்பதை எழுதும்போதே முடிவு செய்யுங்கள். டப்பிங்கில் ஒட்டவைக்க முடியாது.

நாவல் பொம்மலாட்டக்காரன் முன்னுரையோடு தொடங்குகிறது, அதற்குப் பதில் காமன் கூத்தை வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். மாசியில் கம்பம் ஊன்றி நேர்த்தியோடு ஆடுவது அது, கதைக்கு உறையாகப் போடும் துணியல்ல. கதைக்குள்ளேயே ஊர் ஆடும் ஒரு இரவாக வந்தால் பொருந்தும்.

பதுளை வாசகி: வருமானமே இல்லாமல் சொகுசாக வாழும் பகுதியை எப்படிக் காட்டுவது?

கடைக் கொப்பியால். நாவலின் 36ஆம் அத்தியாயம் அதுதான். பெக்கியும் ராடனும் கடனில் குடியிருந்த வீடு ராகில்ஸ் என்பவனுடையது. வேலைக்காரனாக இருந்து காசு சேர்த்து வீடு வாங்கியவன். அவர்களை நம்பி அழிந்துபோகிறான். உங்கள் படத்தில் அவன் தோட்டத்துக் கடைக்காரன். அவன் கொப்பியில் அவள் பக்கம் நிரம்பி, அடுத்த பக்கம் நிரம்பி, பிறகு புதுக் கொப்பி. மூன்று சொட் போதும்.

ஹப்புத்தளை வாசகர்: படப்பிடிப்பில் எதற்கு முதலில் பயப்படவேண்டும்?

மாதத்துக்கு. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. உங்கள் ஊவாப் பக்கத்தை வருடக் கடைசியில் வடகீழ் மழை பிடிக்கும். பெப்ரவரி, மார்ச் இரண்டு பக்கத்துக்கும் ஓரளவு தோது. பிற்பகலில் மூடுபனி இறங்கினால் காலையில் எடுத்த பாதிக் காட்சியோடு ஒட்டாது. ஆகவே வெளிக்காட்சியைக் காலையில் முழுசாக முடித்து, பிற்பகலைப் பங்களா உள்காட்சிக்கு வையுங்கள். குளிரில் இருந்த கெமராவை உள்ளே கொண்டுபோனவுடன் பையைத் திறக்காதீர்கள், லென்ஸில் ஆவி படியும். மூடியபடி அரை மணித்தியாலம் விடுங்கள்.

கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) எந்த மலைக்கு எப்போது என்று தோட்டத்தில் கேட்டு எழுதிவையுங்கள். வெட்டிய மலை மாதக்கணக்கில் மொட்டையாக நிற்கும். விட்ட காட்சியை எடுக்கத் திரும்பி வந்தால் ஊரே மாறியிருக்கும். கொழுந்து எடுப்பவர்களைக் காட்சிக்குக் கூப்பிட்டால் முழுப் பேருக்குரிய (முழு நாள் வேலைக்குரிய) சம்பளத்தை அன்றே கையில் கொடுங்கள். பாதியில் மலையை விட்டு வந்தால் அரைப் பேர்தான் விழும். லயத்து உள்காட்சிகளில் மழை தொடங்கினால் தகரக் கூரை ஒரு வசனத்தையும் விட்டுவைக்காது. அந்தச் சத்தத்தை மட்டும் தனியாக இரண்டு நிமிடம் பதிந்துகொண்டு, வசனத்தை மழை விட்டதும் அதே அறையில், அதே ஆட்களோடு மறுபடி பேசவையுங்கள்.