வேலூர் கடைக்காரர்களும் கூகுள் தேடலும்: கேள்வி-பதில்

சி.எம்.சி. மருத்துவமனை பக்கத்தில் லாட்ஜ் நடத்துகிறேன். ‘லாட்ஜ் நியர் சி.எம்.சி.’ என்று தேடினால் புக்கிங் ஆப்கள்தான் வரிசையாக வருகின்றன. என் வெப்சைட் மேலே வருமா?
*லாட்ஜ் உரிமையாளர், காந்தி ரோடு*

அந்த ஒரு வரிக்காகப் பெரிய புக்கிங் நிறுவனங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்; காசுதான் கரையும். உங்களிடம் தங்குகிறவர் யார்? மேற்கு வங்கம், அசாம், ஜார்க்கண்ட், பங்களாதேஷிலிருந்து நோயாளியை அழைத்து வருகிறவர். காட்பாடியில் இறங்கும் முன்பே ரயிலில் உட்கார்ந்து போனில் தேடுகிறார். சமைத்துக்கொள்ள அடுப்பு உண்டா, லிஃப்டில் வீல்சேர் நுழையுமா, ஒரு மாதம் தங்கினால் வாடகை குறையுமா என்பதுதான் அவருடைய கவலை. உங்கள் தளத்தில் ஓடுகிற படங்களும் ‘விருந்தினரே தெய்வம்’ என்ற வாசகமும் இருக்கின்றன. அவருடைய கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் இல்லை. வாடகைப் பட்டியலையும் போட்டோவாக ஒட்டியிருக்கிறீர்கள். அதை எழுத்தாக டைப் செய்து போடுங்கள்.

அடுத்து, பெங்காலியிலும் இந்தியிலும் தனித்தனிப் பக்கம், தனித்தனி இணைய முகவரியில். மூலையில் ‘டிரான்ஸ்லேட்’ பட்டன் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பார்க்கிறவர் அழுத்தும்போது மட்டும் மொழி மாறினால் கூகுளுக்கு அது தனிப் பக்கமே இல்லை. பெங்காலி எழுதத் தெரிந்த ஊழியர் உங்கள் தெருவிலேயே கிடைப்பார். டெவலப்பரிடம் ‘ஹெச்ரெஃப்லாங்’ போடச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் எந்த மொழிக்கு என்பதைக் கூகுளுக்குச் சொல்வது அதுதான். இன்னொன்று: சி.எம்.சி.க்கு இப்போது ராணிப்பேட்டை வளாகமும் இருக்கிறது. எந்த வளாகத்துக்கு எவ்வளவு தூரம் என்று எழுதாவிட்டால், பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறவர் திண்டாடுவார். அந்தக் கோபம் உங்கள் ரிவ்யூவில்தான் வந்து விழும்.

வீட்டிலிருந்தே ஏசி சர்வீஸ் செய்கிறேன், கடை கிடையாது. காட்பாடியில் நண்பர் கடை முகவரியைப் போட்டு மேப்பில் சேர்க்கலாமா?
*ஏசி மெக்கானிக், சத்துவாச்சாரி*

கூடாது. பிசினஸ் ப்ரொஃபைலில் (மேப்பில் உங்கள் தொழில் விவரத்தைக் காட்டும் கூகுள் பக்கம்) வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, நீங்கள் போய் வேலை செய்யும் ஊர்களைக் குறிக்கலாம். 20 பகுதி வரை சேர்க்க முடியும். சரிபார்ப்புக்கு வீடியோ கேட்டால் உங்கள் வண்டி, டூல்ஸ், பில் புத்தகத்தைக் காட்டுங்கள். பெயரில் ‘பெஸ்ட் ஏசி சர்வீஸ் வேலூர்’ என்று ஒட்டுப்போடாதீர்கள், ப்ரொஃபைலையே முடக்கிவிடுவார்கள். மேப்பில் தூரமும் ஒரு கணக்கு என்பதால், குடியாத்தத்தில் தேடுகிறவருக்கு நீங்கள் முதலில் வருவது கஷ்டம்தான்.

ஆர்.ஓ. குடிநீர் சுத்திகரிப்பு மெஷின் சர்வீஸ் செய்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி 30 பக்கம் போட்டால் எல்லா ஊரிலும் வருவோம் என்கிறார் டெவலப்பர்.

இதைக் கூகுள் ஸ்பேம் என்றே வகைப்படுத்துகிறது. அவர் அனுப்பிய மாதிரியில் ‘ஆம்பூர், வேலூர் மாவட்டம்’ என்று இருக்கிறது. 2019-லேயே ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் போய்விட்டன. ஊரைத் தெரியாதவர் எழுதியது என்று ஆம்பூர்க்காரர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். நீங்கள் நிஜமாக வேலை பார்த்த நாலைந்து ஊருக்கு மட்டும் பக்கம் போடுங்கள்: அங்கே போர்வெல் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) எவ்வளவு காட்டியது, மெஷினில் வடிகட்டும் மெம்பிரேன் எத்தனை மாதம் தாங்கியது, மாற்ற என்ன செலவு ஆனது. இது வேறு எவரிடமும் இல்லாத சரக்கு.

புது வெப்சைட் கூகுளில் வரவே இல்லை. பெயரைப் போட்டுத் தேடினாலும் இல்லை.

தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டியது என்றால் செட்டிங்ஸில் ‘ரீடிங்’ பகுதியைப் பாருங்கள். தளம் கட்டும்போது தேடுபொறிகள் வேண்டாம் என்று போட்ட டிக் அப்படியே இருக்கலாம். எடுத்துவிட்டு, தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ கருவியில் பக்கத்தைச் சமர்ப்பியுங்கள். இலவசம்.

ஐந்து ஸ்டார் கொடுத்தால் பில்லில் தள்ளுபடி தரலாமா?
*பல் மருத்துவமனை, காந்தி நகர்*

தள்ளுபடி கொடுத்து ரிவ்யூ வாங்குவது விதிமீறல். வருகிற எல்லோரிடமும் கேளுங்கள், திருப்தியானவரிடம் மட்டுமல்ல. ஒரு ஸ்டார் போட்டவருக்குப் பதில் எழுதும்போது அவருடைய சிகிச்சை விவரத்தைப் பொதுவில் அவிழ்த்துவிடாதீர்கள். போனில் பேசலாம் என்று மட்டும் எழுதுங்கள்.

30 நாளில் முதல் இடம், கேரண்டி என்கிறது ஒரு ஏஜென்சி. நம்பலாமா?

முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. இப்போதே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் இன்றே ஒன்று செய்யுங்கள்: டொமைன் (வெப்சைட்டின் பெயர்), பிசினஸ் ப்ரொஃபைல், சர்ச் கன்சோல் மூன்றும் உங்கள் சொந்த மெயில் ஐடியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏஜென்சி பெயரில் இருந்தால், பாக்கிப் பணம் கொடுக்கும் முன் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.